இடுக்கி பிடித்த ஆம்பளை

மதுரையில் இருந்த இருபத்துநாலு வருஷத்தில் நான் அடுப்புப் பக்கம் போனது ஒரே ஒரு தடவை. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது வெந்நீர் வைக்கிறேன் என்று கிளம்பினேன். பர்னரைத் திருகாமலேயே லைட்டரை டக்கு டக்கென்று அடித்துக்கொண்டு நின்றவனை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ போய்ப் படிடா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்ஜினீயராக்கி சிட்னி வரைக்கும் கொண்டுவந்து விட்டது.

இங்கே வந்து பார்த்தால் சட்டம் வேறு. சமையலறை அடுப்பு யார் கையில் இருந்தாலும் கேள்வியில்லை. கொல்லைப்புறத்து அடுப்பு மட்டும் ஆம்பளை கையில் இருக்கவேண்டும். கோடைக்காலத்துச் சனிக்கிழமை சாயங்காலம் எந்தத் தெருவில் நடந்தாலும், வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் அரைக்கால் டிரவுசரோடு நிற்பார். ஒரு கையில் பீர், மறு கையில் இடுக்கி, முகத்தில் ஆபரேஷன் தியேட்டர் கவலை. இறைச்சியை ஊறவைத்தது, சாலட் நறுக்கியது, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியது, பிறகு தட்டுக் கழுவப்போவது எல்லாம் வேறு யாரோ. ஆனால் சாப்பிட்டவர்கள் போகும்போது கை குலுக்குவது இடுக்கி பிடித்தவரிடம். இவ்வளவு குறைந்த முதலுக்கு இவ்வளவு பெயர் கிடைக்கிற தொழில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபிறகு நான் சும்மா இருப்பேனா?

சிட்னிப் புறநகரான டூங்காபியில் வீடு வாங்கிய மாதமே பார்பிக்யூவும் வாங்கினேன். நாலு பர்னர், மேலே மூடி, பாதி கம்பி வலை, பாதி தட்டையான இரும்புக் கல். பெட்டியைப் பிரித்தால் கால் தனி, உடம்பு தனி. ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பூட்டினேன். முடிவில் மூன்று ஸ்குரூ மிஞ்சியது. "கூடுதலாகவே கொடுத்திருக்கான், நல்ல கம்பெனி" என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்துக்கொண்டாள்.

அடுத்தது சிலிண்டர். நம் ஊர் சிலிண்டர் 14.2 கிலோ, சிவப்பு நிறம், விளிம்பில் உருண்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். இங்கே பார்பிக்யூவுக்கு 9 கிலோ. பெட்ரோல் பங்க் வாசலில் கம்பிக் கூண்டுக்குள் கிடக்கும். காலியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை எடுத்து வரவேண்டும். காரில் படுக்கப் போடக்கூடாது, நிமிர்ந்துதான் வரவேண்டும் என்றார்கள். முன்சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டு, ஜன்னலை இறக்கிவிட்டு, மனைவியைப் பின்சீட்டுக்கு அனுப்பினேன். அது பற்றி இன்றுவரை பேசப்படுகிறது.

வீட்டுக்கு வந்து மரையைத் திருகினால் ஏறவில்லை. அரை மணி நேரம் திருகினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். வேலிக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரர். எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற பிளம்பர். ஒன்றும் பேசாமல் விரலைக் காற்றில் எதிர்ப்பக்கமாகச் சுழற்றிக் காட்டினார். வேறு எந்தக் குழாயோடும் மாற்றிப் பூட்டிவிடக்கூடாது என்பதற்காகவே அந்தக் காலத்து கேஸ் மரையை இடம்புரியாக வெட்டியிருந்தார்களாம். சங்கில்தான் இடம்புரி, வலம்புரி உண்டு என்று நினைத்திருந்தேன். 2021 வாக்கில் புது இணைப்பு வந்தது, எல்சிசி 27 என்று கார் நம்பர் மாதிரி ஒரு பெயரோடு. அது வலம்புரி. ஸ்பேனர் வேண்டாம், கையாலேயே இறுக்கலாம். சரியாகப் பூட்டாவிட்டால் வால்வைத் திறந்தாலும் கேஸ் வராது. பக்கத்தில் தீப்பிடித்துச் சூடேறினால் தானே அடைத்துக்கொள்ளும். உன்னை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்.

அவர் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் நாள், மூடியைத் திறக்காமலே குமிழைத் திருகிப் பொத்தானை அமுக்கினேன். டிக். பற்றவில்லை. டிக், டிக். ஏழாவது டிக் வரைக்கும் ஒன்றுமில்லை. என்னதான் நடக்கிறது உள்ளே என்று மூடியைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து, எட்டாவது டிக் அடித்தேன். இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். மேலே பறந்து போய்விடாது. தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துத் தேங்கும். மூடிய பெட்டிக்குள் ஏழு டிக் நேரமாகத் தேங்கி நின்றது மொத்தமும் எட்டாவதில் 'புஸ்ஸ்' என்று எழுந்துவந்து என் இடது புருவத்தை வாங்கிக்கொண்டு போனது.

திங்கட்கிழமை மீட்டிங். மனைவி பென்சிலால் புருவம் வரைந்துவிட்டாள். சீட் பெல்ட் விவகாரம் மனதில் இருந்ததோ என்னவோ, அரை அங்குலம் உயர்த்தி வரைந்துவிட்டாள். மேனேஜர் பட்ஜெட் சொல்லச்சொல்ல, என் முகம் அவரை ஒரு பக்கமாக நம்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. பாவம், இரண்டு தடவை கணக்கைத் திரும்பக் கூட்டினார்.

முதலில் மூடியைத் திற, பிறகு சிலிண்டரைத் திற, பிறகு குமிழைத் திருகிய கையோடு பற்றவை. சில விநாடிகளில் பற்றாவிட்டால் கேஸை மூடிவிட்டு, மூடியைத் திறந்தபடியே விட்டு, ஐந்து நிமிஷம் தள்ளி நில். இது பார்பிக்யூவோடு வந்த தாளிலேயே இருந்தது. நான் அந்தத் தாளின் மேல்தான் ஸ்குரூக்களைப் பரப்பி வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் ஜாக்கிரதைக்குப் பெயர்போன நாடு இது. வாரக்கடைசியில் பன்னிங்ஸ் ஹார்ட்வேர் கடை வாசலில் பள்ளிக்கூடத்துக்கோ கிரிக்கெட் கிளப்புக்கோ பணம் திரட்ட சாஸேஜ் சுட்டு, ரொட்டித் துண்டில் வைத்து விற்பார்கள். 2018-இல் ஒரு அறிவிப்பு வந்தது: வதக்கிய வெங்காயத்தை இனி சாஸேஜுக்கு மேலே போடாதீர்கள், அடியில் போடுங்கள், மேலே போட்டால் தரையில் விழும், யாராவது வழுக்கி விழுவார்கள். நாடே இரண்டுபட்டது. பிரதமர் வரைக்கும் கருத்துக் கேட்டார்கள். வெங்காயத்துக்கு இவ்வளவு யோசிக்கிற தேசத்தில், ஒரு மதுரைக்காரன் மூடியைத் திறக்காமல் எட்டு டிக் அடிப்பதைத் தடுக்க ஆளில்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள், மூன்று மாத விசாவில். ஏர்போர்ட்டிலிருந்து வந்த களைப்புத் தீரட்டும் என்று மறுநாள்தான் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய் பார்பிக்யூவைக் காட்டினேன். கையில் இடுக்கியோடு கொஞ்சம் சாய்ந்து நின்றேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, இடுக்கியையும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து சிலிண்டரைப் பார்த்தாள்.

"இதுக்குத் தேதி எங்கடா போட்ருக்கான்?"

மதுரையில் சிலிண்டர் வந்தால் அவள் வளையத்துக்குக் கீழே பட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் உள்ளே விடமாட்டாள். சி-27 என்றால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் அதற்கு அடுத்த சோதனை. ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு ஏ முதல் டி வரை அந்த நாலு எழுத்து மட்டும் தலைகீழாகத் தெரியும். இங்கே கடைசியாகச் சோதித்த தேதியைக் கழுத்தருகே பொறித்திருப்பார்கள்; அதிலிருந்து பத்து வருஷம் செல்லும். அதை நான் அதுவரைக்கும் கம்பெனியின் டெலிபோன் நம்பர் என்று நினைத்திருந்தேன்.

"சோப்பைக் கரைச்சுக் கொண்டா."

பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கிண்ணத்தில் கரைத்துக் கொடுத்தேன். பழைய டூத்பிரஷ்ஷால் தொட்டு, வால்விலிருந்து டியூப் முழுக்கத் தடவிக்கொண்டே போனாள். பர்னர் எல்லாம் மூடியிருக்க, சிலிண்டரை மட்டும் திறக்கச் சொன்னாள். டியூப் வளைகிற இடத்தில் முத்து முத்தாக நுரை கிளம்பியது. வெயிலில் கிடந்து வெடித்திருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் நான் ஆறு மாதமாகத் தீ வளர்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலே தொப்பி தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார், அம்மாவுக்கு. பொறியியல் பட்டம் பெற்றவன் கிண்ணம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புது டியூப் மாட்டினேன். பிறகும் ஒரு பர்னர் மஞ்சளாகவும் சோம்பேறியாகவும் எரிந்தது. "நீலமா எரியணும்டா. மஞ்சளா எரிஞ்சா உள்ள என்னமோ அடைச்சிருக்கு" என்றாள். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால், சிலந்தி என்கிறார். பர்னர் குழாய்க்குள் போய்க் கூடு கட்டிவிடுமாம். காற்றுப் போகும் வழி அடைபட்டு, கேஸ் பின்னால் திரும்பித் தவறான இடத்தில் எரிய ஆரம்பிக்குமாம். ஆஸ்திரேலியச் சிலந்தி என்றால் செருப்புக்குள் பார்க்கவேண்டும், லெட்டர் பாக்ஸுக்குள் பார்க்கவேண்டும் என்று தெரியும். அடுப்புக்குள்ளும் பார்க்கவேண்டும் என்பது புதுச் செய்தி. பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷை விட்டு எடுத்தேன். பாதிக் கூடு வந்தது. மீதியின் சொந்தக்காரர் எங்கே போனார் என்று தெரியாததால் அன்று முழுக்க முழுக்கால் பேன்ட்டில் சமைத்தேன்.

அடுத்த வாரம் நல்ல மழை. பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தேன். பார்பிக்யூவை கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போகலாம் என்று சக்கரத்தை நகர்த்தினேன். மாமியாரும் மருமகளும் ஒத்த கருத்துக்கு வந்த மிகச்சில நாட்களில் அது ஒன்று.

"என்னங்க, உள்ள வச்சா எல்லாரும் ஒண்ணாப் போயிடுவோம்" என்றாள் மனைவி.

"ஷட்டரைப் பாதி திறந்து வச்சா..."

"ஏம்மா, இவனைப் பிடி. நான் கறியைக் குக்கர்ல போடுறேன்" என்றாள் அம்மா.

அவர்கள் சொன்னதுதான் சரி. கேஸ் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். அழுகின முட்டைக்கோஸ் மாதிரி வாடைக்காக எத்தில் மெர்கேப்டன் என்ற சமாசாரத்தைக் கலந்தே அனுப்புகிறார்கள். ஆனால் அடைத்த இடத்தில் எரியும்போது பிறக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கிறதே, பசி போலிருக்கிறது என்று உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அன்று பத்துப் பேருக்கும் குக்கர் குழம்பு. இடுக்கியை நான் சாதம் பரிமாறப் பயன்படுத்தினேன்.

கோடையில் வேறு பாடம். அனல் காற்றடிக்கிற நாட்களில் மாநிலத் தீயணைப்புத் துறை வெட்டவெளியில் தீ மூட்டக்கூடாது என்று முழுத் தடை போடும். நியூ சவுத் வேல்ஸில் அன்றைக்குக்கூட வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் கேஸ் பார்பிக்யூ போடலாம்; ஆனால் சுற்றிலும் 2 மீட்டருக்குத் தீப்பற்றுகிற பொருள் எதுவும் இருக்கக்கூடாது, தண்ணீர்க் குழாய் தயாராக இருக்கவேண்டும், பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இதை நான் சத்தமாகப் படித்துக்காட்டினேன். "மத்ததெல்லாம் இருக்கு. அந்தக் கடைசி ஆள் யாரு?" என்றாள் மனைவி.

சமையலுக்கு வருவோம். என் ஆரம்பகாலக் கோழிகள் வெளியே கரி, உள்ளே ரோஜா. தீ பெரிதாக இருந்தால் சீக்கிரம் வேகும் என்று நாலு பர்னரையும் முழுக்கத் திருகுவேன். கொழுப்பு சொட்டும், தீ எகிறும், நான் பாட்டிலில் தண்ணீர் எடுத்து அடிப்பேன், எண்ணெயில் தண்ணீர் விழுந்து தீ இன்னும் எகிறும். விருந்தினர் கைதட்டுவார்கள். அது வாணவேடிக்கை என்று நினைத்துக்கொண்டு.

இரும்பில் வைத்துச் சுடுகிற இந்தக் கலை நமக்குப் புதிதும் இல்லை. பொருநராற்றுப்படையில் பொருநனுக்கு இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை அரசன் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். ராத்திரி பகலாகத் தின்றதில் பல்லெல்லாம் உழுத கலப்பையின் கொழு மாதிரி மழுங்கிப்போகிறது அவனுக்கு. அந்த விருந்து வைத்த அரசன் யார்? கரிகாலன். சின்ன வயதில் தீயில் கால் கருகியதால் வந்த பெயர் என்பார்கள். அவனுக்கே அப்படியென்றால் எனக்கு ஒரு புருவம் பெரிய விஷயமில்லை.

மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். மூடியைப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிஷம் கம்பியைச் சூடேற்றவேண்டும். குளிர்ந்த கம்பியில் வைத்தால் கோழி ஒட்டிக்கொண்டு தோலை விட்டுவிட்டுத்தான் வரும். எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் கறியில் தடவவேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாதிப் பக்கம் தீயை அணைத்துவைப்பது. எரிகிற பக்கம் நிறத்துக்கு, எரியாத பக்கம் வேகிறதுக்கு. எலும்போடு இருக்கிற தொடைக்கறியை முதலில் எரிகிற பக்கம் காட்டி, பிறகு அணைந்த பக்கம் ஒதுக்கி, மூடியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். இதுதான் கஷ்டம். இடுக்கியைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் செய்யாதே என்றால் எந்த ஆம்பளையால் முடியும்? ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மூடியைத் திறந்து, புரட்டி, குத்தி, அமுக்கி, சாறு முழுக்கக் கீழே வடிய, "வந்துக்கிட்டே இருக்கு" என்று அறிவிக்கத் தோன்றும். கறி வெந்ததா என்பதை நிறம் பார்த்துச் சொல்கிற ஞானமும் எனக்கு இல்லை. குத்திப்பார்க்கிற தெர்மாமீட்டர் வாங்கினேன். கோழியின் நடுவில் 75 டிகிரி வந்தால் எடுக்கலாம். பச்சைக் கறி வைத்த தட்டிலேயே வெந்ததை எடுத்து வைக்கக்கூடாது என்பதை மட்டும் அனுபவத்தில் கற்றேன், விவரம் வேண்டாம். தித்திப்பான சாஸ் எதுவானாலும் கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் தடவவேண்டும். சர்க்கரை முதலில் கருகும், கோழி பிறகுதான் வேகும்.

தீ எகிறினால் இப்போது தண்ணீர் அடிப்பதில்லை. கறியை அணைந்த பக்கம் தள்ளிவிடுகிறேன். கீழே இருக்கிற எண்ணெய்த் தட்டே பற்றிக்கொண்டால் கேஸை மூடிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். அந்தத் தட்டை வாராவாரம் கழுவினால் அது பற்றாது என்பதையும் அம்மாதான் சொன்னாள், கழுவிக்கொண்டே.

ஒரு தடவை லேன் கோவ் தேசியப் பூங்காவுக்குச் சின்ன அடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போனோம். சாஸேஜ் பதமாக வந்திருந்தது. இடுக்கியில் தூக்கி எல்லோருக்கும் காட்டினேன். பின்னாலிருந்து கூக்கபரா ஒன்று வந்து அதை அலுங்காமல் கவ்விக்கொண்டு மரத்தில் போய் உட்கார்ந்தது. நம் கதையில் காக்கா பாடும், வடை விழும். இது கொத்தி முழுங்கிவிட்டு, அதற்கப்புறம் சிரித்தது. அந்தப் பறவையின் குரலே மனிதன் சிரிப்பது மாதிரிதான் இருக்கும் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள்.

அம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு மாட்டுப் பொங்கல் வந்தது. பதினாலு பேர். நான் கம்பிப் பக்கத்தில் கோழியோடு நின்றேன். அம்மா அந்த இன்னொரு பாதியை, நான் வெங்காயம் வதக்க மட்டும் வைத்திருந்த இரும்புக் கல்லை, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது தோசைக்கல்லுடா."

ஆமாம். இத்தனை நாளாக என் வீட்டுக் கொல்லையில் இரண்டடி அகலத் தோசைக்கல் நின்றுகொண்டிருந்தது. வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, ஃபோர்க்கில் குத்தி, எண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலிருந்து பதறிப்போய்ப் பார்த்தார்; அவரும் கம்பியை அப்படித்தான் துடைப்பாராம், அது தன் அப்பாவின் ரகசியம் என்று நினைத்திருந்தாராம். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் அறுந்த கம்பி கறியில் ஒட்டித் தொண்டைக்குப் போகும் என்று அவருக்குப் பயம்.

மாவை ஊற்றி, முட்டையை உடைத்துப் பரப்பி, மேலே மட்டன் சுக்காவை அள்ளிவைத்துத் தோசைத் திருப்பியால் அமுக்கித் திருப்பினாள். கறிதோசை. வாசனை அடுத்த தெருவுக்குப் போனது. பதினாலு பேரும் அந்தப் பக்கம் தட்டோடு வரிசையில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலியில் இருக்கிற கதவைத் திறந்துகொண்டே வந்துவிட்டார். நான் 75 டிகிரி கோழியைத் தெர்மாமீட்டரோடு காவல் காத்தேன்.

ஏழாவது தோசை கல்லில் இருக்கும்போது தீ சுருங்கியது. நீலம் குட்டையாகி, படபடத்து, அணைந்தது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாவது சிலிண்டர் எங்க?"

மதுரையில் எங்கள் தெருவில் டபுள் சிலிண்டர் கனெக்‌ஷன் இருக்கிற வீட்டுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்று சொல்லுமளவுக்கு மரியாதை. சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்து, எங்கே வரைக்கும் ஈரம் காயாமல் நிற்கிறதோ அங்கே வரைக்கும் கேஸ் இருக்கிறது என்று பார்த்துவைப்பாள் அவள். இங்கேயும் பக்கவாட்டில் வெந்நீர் ஊற்றித் தடவினால் சில்லென்று இருக்கிற இடம் வரைக்கும் கேஸ். எல்லாம் எனக்குத் தெரியும். பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தட்டை வைத்துவிட்டுப் போய், தன் வீட்டுச் சிலிண்டரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். பூட்டினார். அம்மா அவரைப் பார்த்து ஒரு நிமிஷம் என்பதுபோல் கை காட்டிவிட்டு, சோப்புக் கிண்ணத்தை எடுத்துவந்து அவர் பூட்டின இடத்தைத் தடவிப் பார்த்தாள். நாற்பது வருஷம் பிளம்பராக இருந்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நுரை வரவில்லை. அம்மா தலையாட்டினாள்.

பிறகு எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீயே பத்தவை."

மூடி திறந்திருந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். பதினாலு பேரும், பக்கத்து வீட்டுக்காரரும், மதில் மேலிருந்த மேக்பை ஒன்றும் பார்த்தார்கள். பொத்தான் மேல் விரலை வைத்தேன்.

"மொதல்ல திருகுடா. அப்புறம் அமுக்கு."